ஊரே பட்டினி கிடந்த வெள்ளிக்கிழமை

"வருகிற வெள்ளிக்கிழமை காலை விமானத்தில் திருச்சி வந்து சேருகிறோம். அன்றைக்கு உங்கள் வீட்டில் சாப்பாடு. மறுநாள் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குப் போகிறோம். மெட்டில்டா உங்களை விசாரிக்கச் சொன்னாள். அந்தோனி."

இலங்கையிலுள்ள நீர்கொழும்பிலிருந்து எனக்கு வந்த அஞ்சலட்டை இது. முத்திரையில் மார்ச் என்பதும் 1959 என்பதும் தெரிகின்றன. நாள் மட்டும் மசியில் கரைந்துவிட்டது. இருந்தாலும் அது எந்த வெள்ளிக்கிழமை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த மாதத்தின் மூன்றாவது வெள்ளி. தமிழுக்குப் பங்குனி முதல் வாரம். இந்துக்களின் பஞ்சாங்கம், முஸ்லிம்களின் பிறைக் கணக்கு, கிறிஸ்தவர்களின் திருநாள் காலண்டர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பின்னாளில் சரிபார்த்திருக்கிறேன். (முன்னாளில் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.)

தேதி ஞாபகம் இருப்பதாகப் பெருமை பேசுகிறவனைத் திதி ஒருநாள் காலை வாரிவிடும் என்பது நான் கண்ட உண்மை. பள்ளிக்கூட நாளிலிருந்து டைரி எழுதுகிறவன் நான். காவிரியில் எந்த வருஷம் என்றைக்குப் புது வெள்ளம் வந்தது, எங்கள் தெருவில் என்றைக்கு மின்விளக்கு எரிந்தது என்று யார் கேட்டாலும் சொல்வேன். யாரும் கேட்டதில்லை, இருந்தாலும் சொல்வேன். ஆனால் எல்லாம் இங்கிலீஷ் தேதி. திதி, நட்சத்திரம், விரதம் எல்லாம் அம்மாவின் இலாகா என்று விட்டிருந்தேன்.

அந்தோனி யார் என்பதைச் சொல்ல வேண்டும்.

1957-இல் நான் பெரியகடை வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி புடவை மாதிரிகள் அடங்கிய ஒரு பெட்டியைக் கையில் கொடுத்து என்னை இலங்கைக்கு அனுப்பினார். தனுஷ்கோடியில் கப்பல் ஏறினேன். வயிற்றிலிருந்த அனைத்தையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு அக்கரையில் இறங்கினேன். கொழும்பு வேலையை எப்படியோ முடித்துக்கொண்டு நீர்கொழும்புக்குப் பஸ் ஏறியபோது நல்ல காய்ச்சல். கடைத்தெருவில் ஒரு தேங்காய் மண்டியின் வாசற்படியில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தது நினைவிருக்கிறது. அடுத்த நினைவு அந்த மண்டிக்காரர் வீட்டுக் கட்டிலில்தான் தொடங்குகிறது.

அந்த மண்டிக்காரர்தான் அந்தோனி. சிங்களக் கத்தோலிக்கர், அந்த ஊரில் பலரைப் போலத் தமிழும் பேசுவார். நான் யார், எந்த ஊர், பெட்டியில் என்ன என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. டாக்டரை அழைத்து வந்தார். அவர் மனைவி மெட்டில்டா ஒரு தட்டை நீட்டினார். "தம்பி, கொஞ்சம் சாப்பிடுங்கோ."

தட்டில் சோறும் மீனும். எந்த வீட்டு வாசலில் பார்த்தாலும் வலை காயும் ஊர் அது. நான் மீன் சாப்பிடமாட்டேன் என்று முனகினேன். (உடம்பு சுட்டதில் ஆசாரம் மட்டும் உருகவில்லை.) அந்த அம்மாள் முகம் சுளிக்காமல் தட்டை எடுத்துப் போனார். அடுத்த வேளை பருப்பும் கீரையும் வந்தன.

"புதுச் சட்டி தம்பி. சந்தையில போய் வாங்கியாந்தது. மீன் பட்டதில்ல, பயப்படாமச் சாப்பிடுங்கோ."

நான் அங்கே இருந்தவரை அந்த வீட்டில் மீன் சமைக்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் காலையும் மாலையும் வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். நான் சீக்கிரம் குணமாக வேண்டும் என்பதில் அவர்களுக்கு இருந்த அக்கறை, பசியில் பிறந்த உண்மையான அக்கறை.

கிளம்பும் நாள் வந்தது. விடைபெறும்போது நன்றியை மனத்துக்குள் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. நான் அந்த ரகம் இல்லை.

"நீங்க திருச்சிக்கு வரணும். ஹோட்டல்ல கால் வைக்கக் கூடாது. எங்க வீட்டுல, தலைவாழை இலை போட்டு, எங்க அம்மா கையால சாம்பார், மோர்க்குழம்பு, ரெண்டு கூட்டு, மூணு கறி, அப்பளம், வடை, பாயசம்..."

"அவ்வளவும் ஒரே நாளிலயா?" என்றார் மெட்டில்டா.

"ஒரே வேளையிலங்க!"

மறு வருஷம் அந்த நாட்டில் கலவரம் நடந்தபோது எனக்குத் தூக்கம் போயிற்று. 'நாங்கள் சுகம். பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பம் இப்போது எங்களோடு இருக்கிறது' என்று ஒரு கடிதம் வந்த பிறகுதான் திரும்ப வந்தது. அப்படிப்பட்டவர்கள் இப்போது என் வீட்டு இலையை நம்பி வருகிறார்கள். அஞ்சலட்டையைப் பார்த்ததும் நான் தரையில் நடக்கவில்லை.

ஆனால் வீட்டில் மூச்சு விடவில்லை. காரணம், அப்பா. பொன்மலைப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் நாமம் போட்ட பிறகுதான் அவருக்குக் கண் தெரியும். மீன் சாப்பிடுகிறவர்களை நம் வீட்டுக் கூடத்தில் உட்காரவைப்பதா என்று கேட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம். ஆகவே ஒரு ராஜதந்திரம் செய்தேன். விருந்தாளியை வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டால் அப்பா மறுக்கமாட்டார். அம்மாவோ, சொன்ன ஒரு மணி நேரத்தில் கல்யாணச் சமையல் செய்வாள். கச்சிதமான திட்டம். மாதம் இரண்டு முறை எங்கள் வீட்டில் அடுப்பே எரியாத நாள் ஒன்று வரும் என்பதை மட்டும் திட்டத்தில் சேர்க்கவில்லை.

அது ஏன் நினைவில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏகாதசி விரதம் வீட்டில் அனைவருக்கும் உண்டு. நான் கடைக்குப் பக்கத்து மெஸ்ஸில் முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, மாலையில் வாடிய முகத்தோடு வீட்டுக்குள் நுழைவேன். வேலை பார்த்த களைப்பையே விரதக் களைப்பாகக் காட்டிவிடலாம். இப்படிச் செய்து செய்து எனக்கு ஏகாதசியும் ஒன்றுதான், அமாவாசையும் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில், விருந்துக்கு வயிற்றில் இடம் வேண்டுமென்று காபிகூடக் குடிக்காமல் கிளம்பி, வாடகைக் காரில் விமான நிலையம் போனேன். இருவரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று வழியில் கேட்டேன்.

"ஒண்டும் இல்ல தம்பி" என்றார் மெட்டில்டா. "தவக்காலம். வேளாங்கண்ணி போய்ச் சேரும்வரைக்கும் நாளுக்கு ஒரு நேரம்தான் சாப்பாடு எண்டு மாதாவுக்கு நேர்ந்திருக்கிறன். இவருக்கும் அதுதான். வாயில ஒரு பழம் பட்டாலும் அதுதான் அண்டைக்குச் சாப்பாடு. இண்டைக்கு அதை உங்கட வீட்டுக்கெண்டு வச்சிருக்கிறம்."

"வெள்ளிக்கிழமை வேற. இறைச்சி கூடாது. உங்கட வீடு எண்டால் அந்தப் பயமும் இல்ல" என்றார் அந்தோனி.

"கவலையே படாதீங்க" என்றேன். மலைக்கோட்டையை நான் கட்டியதுபோலவும், காவிரியை நான் வெட்டியதுபோலவும் காட்டிக்கொண்டே ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தேன்.

வீட்டுக்குள் தாளிக்கும் வாசனை இல்லை. விருந்தாளிகளைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டுச் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தேன். அடுப்பு மெழுகிக் கோலம் போட்டிருந்தது. எரியும் அடுப்பின் மேல் யாரும் கோலம் போடமாட்டார்கள். என் வயிறு அதைக் கண்ணுக்கு முந்தியே புரிந்துகொண்டது.

"அம்மா, ரெண்டு பேர் சாப்பிட வந்திருக்காங்க."

"இன்னிக்கா? டேய் ரெங்கா, இன்னிக்கு ஏகாதசிடா!"

அதற்குள் அப்பா கூடத்துக்கு வந்துவிட்டார். நான் திக்கித் திணறி அறிமுகம் செய்தேன். அவர் முகம் மாறியது, ஆனால் நான் பயந்தபடி இல்லை.

"புதுச் சட்டி வாங்கிச் சமைச்சுப் போட்டவங்களா?" என்று கைகூப்பினார். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "இவங்க வர்றது உனக்கு எப்ப தெரியும்?"

"போன வாரமே..."

"சொல்றதுக்கு என்ன?"

"நீங்க ஏதாவது சொல்லுவீங்கன்னு..."

"இப்ப மட்டும் சொல்லமாட்டேனா? இரு, இவங்க ஊருக்குப் போகட்டும்."

அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "உட்காருங்க. இதோ அடுப்பப் பத்த வச்சுடறேன்."

அந்தோனி எழுந்து நின்றுவிட்டார். "என்ன விசேஷம் அம்மா இண்டைக்கு?"

அம்மா சொன்னாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அப்ப வேணாம். நோன்பு நாளில எங்களுக்காக அடுப்பு மூட்டக் கூடாது. நாங்களும் நோன்புதான். எங்களுக்குத் தெரியும்."

"வீட்டுக்கு வந்தவங்க பசியா இருக்கறப்ப ஏகாதசி என்னங்க பெரிய ஏகாதசி!" என்றார் அப்பா. என் வாழ்நாளில் அவர் வாயிலிருந்து நான் எதிர்பார்க்காத வாக்கியம்.

"ஐயா, நாங்க தவக்காலத்தில உங்கட வீட்டுக்கு விருந்தாளி. எங்களால ஒரு நோன்பு முறிஞ்சா மாதாவுக்கு என்ன சொல்றது?"

இப்படி அரை மணி நேரம். அம்மா அடுப்பருகில் போவாள். மெட்டில்டா கையைப் பிடித்து அழைத்து வருவார். அப்பா பழத்தட்டை நீட்டுவார். "பழம் பட்டால் அதுதான் சாப்பாடு" என்று அந்தோனி திருப்பித் தருவார். பிறகு இருவரும் தட்டை நடுவில் வைத்துவிட்டு அவரவர் விரதத்தின் விதிகளை ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான்கு பேரும் பட்டினி, நான்கு பேரும் பரம திருப்தி. பசியோடு இருந்தவன் நான் ஒருவன்தான்.

ஆனாலும் அவர்களுடைய அன்றைய ஒரே சாப்பாடு என் வாக்கை நம்பி அந்தரத்தில் நின்றது. நாள் கழிந்தால் அதுவும் போய்விடும். ஹோட்டலுக்கு அழைத்துப் போகலாம் என்றால், ஹோட்டலில் கால் வைக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியவனே நான். வேறு ஒரு வீடு வேண்டும். எங்கள் தெருவில் எந்த வீட்டைத் தட்டினாலும் அடுப்பில் கோலம்தான்.

அப்போதுதான் எனக்குக் காதர் ஞாபகம் வந்தது. என்னோடு படித்தவன். திருச்சி டவுனில் அவன் அத்தாவோடு, அதாவது அப்பாவோடு, கைலி வியாபாரம். எந்த நேரத்தில் போனாலும் சாப்பிடாமல் விடாத வீடு. ஏகாதசி, கீகாதசி ஒன்றும் கிடையாது. 'இவ்வளவு நேரம் தோன்றாமல் போயிற்றே!' என்று நெற்றியில் அடித்துக்கொண்டேன். ஊர் சுற்றிக் காட்டுவதாக வீட்டில் சொல்லிவிட்டு, இருவரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மத்தியான வெயிலில் காவிரிப் பாலத்தைத் தாண்டினேன்.

காதர் கதவைத் திறந்தான். உதடு காய்ந்திருந்தது. "வாடா மாப்ளே! நோன்பு தொறக்க வந்தியா? அதுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் கெடக்கேடா."

"என்ன நோன்பு?"

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "ரமலான்டா. ஊருக்கே தெரியும். உன் டைரிக்குத் தெரியாதா?"

வீட்டில் நடந்ததை வாசலிலேயே அவனிடம் சொல்லி முடித்தேன்.

"யாரு காதர் வாசல்ல?" என்று உள்ளேயிருந்து அவன் அம்மா கேட்டார்.

"நம்ம ரெங்கன் வந்திருக்கான்மா! சிலோன்காரங்களைக் கூட்டியாந்திருக்கான். அவன் வீட்டுல ஏகாதசியாம், அடுப்பு எரியலையாம். அதனால நேரா நம்ம வீட்டுக்கு வந்துட்டான்."

"பாவம் புள்ள, நல்ல எடம் பார்த்து வந்திருக்கு!"

வீடே சிரித்தது. அந்தோனியும் மெட்டில்டாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். காதரின் அத்தா வெளியே வந்து பாய் விரித்தார். "உட்காருங்க. பயணத்துல வந்தவங்களுக்கு எங்க மார்க்கத்துல நோன்பு கட்டாயம் இல்ல. உங்களுக்குச் சோறு ஆக்கிப் போடறதுல எங்களுக்கு ஒரு கொறையும் இல்லைங்க."

"நீங்க நோன்பு திறக்கிற நேரம் நாங்களும் சாப்பிடுறம்" என்றார் அந்தோனி. அந்த வீட்டையும் அவருக்குப் பிடித்துவிட்டது.

மெட்டில்டா உள்ளே போய்த் தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டார். "உங்கட ஊர்த் தேங்காய் ஏன் இப்படிச் சின்னதா இருக்கு?" என்று தேங்காய் மண்டிக் குரலில் கேட்பது கேட்டது. சற்று நேரத்தில் இன்னொரு குரல், காதருடையது. "கஞ்சியில கறி போடலையா?"

"வந்தவங்களுக்கு இன்னிக்குக் கறி ஆகாதாம். ஒருநாள் கறி இல்லாமக் குடிச்சா நீ எளச்சுட மாட்டே, போ!" என்று அவன் அம்மா அதட்டினார்.

விருந்தாளிகளின் சாப்பாடு உறுதியாகிவிட்டது. நியாயமாக நான் நிம்மதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் முந்தின நாள் இரவிலிருந்து ஒன்றும் உள்ளே போகாத என் வயிறு, பாயில் உட்கார்ந்திருந்த அனைவருக்கும் கேட்கும்படி பேச ஆரம்பித்தது. 'பீடா போட்டுவிட்டு வருகிறேன்' என்று எழுந்தேன். (பட்டினி வயிற்றில் யார் பீடா போடுவார்கள் என்று அப்போது தோன்றவில்லை.)

சந்து முனையில் ஒரு டீக்கடை. நோன்பு மாதம் என்பதால் முன்னால் கோணித் திரை தொங்கியது. திரைக்குள் புகுந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். முதல் மசால்வடை எப்படிப் போனது என்று தெரியாது. இரண்டாவதைப் பாதி வாயில் வைத்திருந்தபோது வெளியே ஒரு குரல்.

"ஏங்க, கைலி வியாபாரம் பண்ற காதர் வீடு எதுங்க?"

உலகத்தில் எத்தனையோ குரல்கள் இருக்கின்றன. அது வேறு யாருடையதாகவாவது இருக்கட்டும் என்று ஸ்ரீரங்கநாதரை வேண்டிக்கொண்டேன். கடைக்காரருக்குக் காது மந்தம். "உள்ள வந்து சொல்லுங்க!" என்று திரையை விலக்கினார்.

வெயிலில் வியர்த்த நாமத்தோடு, கையில் ஒரு சீப்புப் பூவன் பழத்தோடு, அப்பா நின்றார்.

வாயிலிருந்த வடையை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். வடையைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார்.

"மெதுவா தின்னு. விக்கிக்கப் போவுது" என்றார்.

அவ்வளவுதான். வழியில் மட்டும் ஒரு வார்த்தை: "உனக்குப் பசிச்சா கால் காதர் வீட்டுக்குத்தான் போகும்னு உங்கம்மா சொன்னா. நம்ம விருந்தாளிய இன்னொரு வீட்டுல விட்டுட்டு எனக்கு அங்க உட்கார முடியல."

காதரின் அத்தாவும் என் அப்பாவும் முன்பின் பார்த்ததில்லை. ஆனால் பட்டினி கிடக்கும் இரண்டு பெரியவர்களுக்குப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. தாகம் அதிகமா, பசி அதிகமா என்ற விவாதத்தில் அந்தோனியும் கலந்துகொண்டார். மூன்று பேரும் தாகம்தான் என்று ஒருமனதாகத் தீர்மானித்தபோது பாங்கு ஒலித்தது.

பேரீச்சம்பழம் வந்தது. பின்னால் மண்கலயங்களில் ஆவி பறக்க நோன்புக் கஞ்சி. அரிசியும் பாசிப்பருப்பும் குழைந்து, தேங்காய்ப் பாலும் வெந்தயமும் இஞ்சியும் மணக்க வந்த அந்தக் கஞ்சியின் முன் மசால்வடை எல்லாம் எம்மாத்திரம்! மெட்டில்டா கண்ணை மூடி ஜெபம் செய்துவிட்டு ஒரு வாய் குடித்தார். "இதுதான் தம்பி நீங்கள் சொன்ன அந்த விருந்தா?" என்றார். கேலியில்லை, முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

காதரின் அம்மா எனக்கும் ஒரு கலயத்தை நீட்டினார். நான் கையை நீட்டினேன்.

"அவனுக்கு வேணாங்க" என்றார் அப்பா. "ஏகாதசி. பச்சத் தண்ணி பல்லுல படாது. ரொம்பக் கட்டுப்பாடு."

கலயம் என்னைத் தாண்டிப் போயிற்று.

என் மெஸ் கதை தெரிந்த காதருக்குக் கஞ்சி புரையேறியது. அந்தோனி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீங்களுமா? காலையில இருந்து வாயில ஒண்டும் படாமலா எங்களோட அலைஞ்சீங்க?" மெட்டில்டாவின் கண் கலங்கிவிட்டது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். மீசையில் மசால்வடைத் துணுக்கோடு நான் அடக்கமாகத் தலை குனிந்துகொண்டேன். அப்பா தாமும் ஒரு பேரீச்சம்பழம் எடுத்துக்கொண்டு, எனக்கும் ஒன்றே ஒன்று கொடுத்தார். இரண்டாவதற்கு நான் கை நீட்டியபோது தட்டு அவர் மறுபக்கம் போய்விட்டிருந்தது.

அன்று இரவு விருந்தாளிகள் எங்கள் வீட்டில் தங்கினார்கள். மறுநாள் துவாதசி. விரதம் இருந்தவர்கள் காலையிலேயே முழுச் சாப்பாடு சாப்பிட்டு விரதம் முடிக்கும் நாள். பொழுது புலர்வதற்குள் அம்மா தலைவாழை இலை போட்டுவிட்டாள். நான் நீர்கொழும்பில் அடுக்கிய பட்டியலில் ஒன்றுகூடக் குறையவில்லை. அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் மேல்வரவு. அப்பா தம் கையால் பரிமாறினார். "இண்டைக்குரிய ஒரு நேரம் சூரியனுக்கு முந்தியே முடிஞ்சுது!" என்று அந்தோனி வேளாங்கண்ணி பஸ் ஏறும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார். காதர் வீட்டு முகவரியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வந்த கேக்கில் பாதி அந்த வீட்டுக்கு என்று எழுதியிருந்தது.

அன்றுமுதல் எங்கள் வீட்டுப் பந்தியில் நான் இரண்டாவது முறை பாயசத்துக்கு நிமிர்ந்தால் போதும். "அவருக்கு வேணாம், ரொம்பக் கட்டுப்பாடு" என்று யாராவது ஒருவர் வாளியை நகர்த்திவிடுவார்கள். முதலில் அப்பா, பிறகு என் மனைவி, இப்போது நேற்று வந்த மருமகள்வரை. கதையை அறியாத சம்பந்திகள் என்னை மகான் என்று நம்புகிறார்கள்.

இந்தக் குறிப்பில் ஒரு விஷயம் மட்டும் இன்னும் சரிபார்க்கப்படவில்லை. அன்று மாலை காதரின் அம்மா, எங்கள் அம்மாவுக்கென்று ஒரு தூக்கு நிறையக் கஞ்சி கொடுத்தனுப்பினார். ஏகாதசியன்று அரிசி கூடாது. அம்மா அதை வாங்கி மூடி ஓர் ஓரமாக வைத்தாள். மறுநாள் விருந்தாளிகளை வழியனுப்பிவிட்டு வந்து பார்த்தபோது தூக்கு கழுவிக் கவிழ்த்திருந்தது.

"கஞ்சி என்னம்மா ஆச்சு?"

"மாட்டுக்கு ஊத்திட்டேன்."

"மாட்டுக்குப் பிடிச்சுதாமா?"

"ம்... வெந்தயம்தான் ஒரு பிடி தூக்கல்" என்றாள் அம்மா.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் மாடு கிடையாது. அது எந்த வீட்டு மாடு என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.